குளச்சல் மேசையில் நான் சொன்ன பொய்

குளச்சல் போரை மேசைமேல் ஆடுவதற்கு நான் ஒரு விதிப்புத்தகம் எழுதினேன். ஆடிய பிள்ளைகளுக்கு நடுவராகவும் நானே இருந்தேன். டச்சுக்காரர் பக்கம் ஆடிய ஒரு பையன் ஜெயிக்கப் போகிறான் என்று தெரிந்ததும், ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றி அவனைத் தோற்கடித்தேன். அவன் கேட்டபோது, விதி முதலிலிருந்தே உண்டு, அச்சில் விட்டுப்போயிற்று என்றேன். அது பொய். அன்று இரவே கணினியைத் திறந்து அந்த விதியைப் புத்தகத்தில் சேர்த்தேன். அதன்பிறகு எடுத்த படிகளிலெல்லாம் என் பொய் அச்சாகியிருக்கிறது.

இதற்கு முன்னால் செய்த தவறு ஒன்றும் உண்டு. அது இதைவிடப் பெரியது. அந்தப் பையனுடைய முன்னோர்களுக்கு என் மேசையில் நான் இடமே வைக்கவில்லை. இரண்டும் தனித்தனித் தவறுகள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஒன்றிலிருந்துதான் மற்றது பிறந்தது என்பது பிறகே விளங்கியது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

வரைபடம் வரைவது என் தொழில். வேலை நாகர்கோவிலில், பூர்வீகம் தோவாளைப் பக்கத்து வயல்காட்டு ஊர். பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டதற்கும் தொழில்தான் காரணம். ஒரு மேசை, அதன்மேல் அளவுக்குச் சுருக்கிய நிலம், ஓர் அங்குல உயரச் சிப்பாய்கள், அளவுநாடா, பகடை. யார் எவ்வளவு தூரம் நகரலாம், எத்தனை அங்குலத்துக்குச் சுடலாம், குண்டு பட்டதா இல்லையா என்பதையெல்லாம் விதியும் பகடையும் தீர்மானிக்கும். 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் இதை அதிகாரிகளுக்கான பயிற்சியாக ஒழுங்குபடுத்தினார். வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்துவார்கள். ஒரு நகர்வு என்றால் இரண்டு நிமிடம். இரு தரப்புக்கும் நடுவில் ஒரு நடுவர் இருப்பார். 1913இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ அதையே வீட்டுத் தரையில் ஆடும் ஆட்டமாக்கியது.

என் கைக்கு முதலில் வந்தது, இரண்டாம் உலகப் போரின் பசிபிக் தீவுச் சண்டைகளுக்காக எழுதப்பட்ட விதிப்புத்தகம். தீவுச் சண்டைக்கு விதி எழுதுவது தரைச் சண்டைக்கு எழுதுவதுபோல் அல்ல. தரையில் படை பின்வாங்கலாம், சுற்றிக்கொண்டு வரலாம். தீவில் தாக்குகிறவனுக்கு முதுகுக்குப் பின்னால் கடல், காக்கிறவனுக்கும் அப்படியே. சோறு, தண்ணீர், மருந்து எல்லாம் படகில்தான் வந்தாக வேண்டும். அதனால் தீவு விதிகளில் துப்பாக்கியைவிடக் கடல்தான் பெரிது.

இதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டுவது தராவா. 1943 நவம்பர் 20 அன்று பெட்டியோ என்ற சின்னஞ்சிறு பவளத் தீவில் அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் இறங்கினார்கள். அன்றைக்குக் கடல் ஏற்றம் குறைவு. பவளப் பாறைக்கு மேல் படகு மிதக்கப் போதிய தண்ணீர் இல்லை. படகுகள் பாறையில் தட்டி நின்றன. ஆட்கள் பல நூறு கெஜம் மார்பளவுத் தண்ணீரில் நடந்தே போனார்கள். கரையிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகள் அவர்களைச் சுட்டபடி இருந்தன. மூன்று நாளில் ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்கர் செத்தார்கள். காத்து நின்ற ஜப்பானியரில் உயிரோடு பிடிபட்டவர்கள் மிகச் சிலர். இறங்குவதற்கு முன்பே அந்தக் கடலைப் பழகி அறிந்த ஒருவர், ஏற்றம் போதாது என்று எச்சரித்திருந்தார். கரையை அறிந்தவன் சொல்லைத் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. நான் அந்தப் பாடத்தைப் படித்தேன். பிள்ளைகளுக்கும் சொன்னேன். என் சொந்தக் கடற்கரைக்கு விதி எழுத உட்கார்ந்தபோது அதையே மறந்தேன்.

குளச்சலை நான் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை. நம் மாவட்டத்தில் கடலும் நிலமும் சந்தித்து ஒரு வரலாறு திரும்பிய இடம் அது. மிளகு வியாபாரத்தைத் தன் பிடியில் வைத்திருக்க விரும்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, ஒவ்வொரு சிற்றரசாக இணைத்துக்கொண்டு வந்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா இடைஞ்சலாக இருந்தார். 1741 தொடக்கத்தில் இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை குளச்சலில் காலூன்றியது. கரையோர ஊர்களைப் பிடித்துக்கொண்டு அன்றைய தலைநகரான கல்குளத்தை, அதாவது பின்னாளைய பத்மநாபபுரத்தை, நோக்கி நகர்ந்தது. மன்னர் வடக்கேயிருந்து படையோடு திரும்பி வந்தார். டச்சுக்காரர்கள் குளச்சலில் தங்கள் மர அரணுக்குள் முடங்கினார்கள். ஆகஸ்ட் மாதம் அரணுக்குள் இருந்த வெடிமருந்துப் பீப்பாய் வெடித்து, அரிசிக் கையிருப்பு எரிந்துபோனது. சில நாளில் சரணடைந்தார்கள். ஜாவாவில் அப்போது மூண்டிருந்த போரால், அங்கே கம்பெனியின் தலைமையிடமாக இருந்த பதாவியாவிலிருந்தும் உதவி வரவில்லை. டச்சுப் படையிலிருந்து மன்னர் பக்கம் வந்து சேர்ந்த டி லனாய், ‘வலிய கப்பித்தான்’ என்ற பெயரோடு திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கினார். 1777இல் இறந்த அவருடைய கல்லறை, தமிழும் லத்தீனும் பொறித்த கல்லோடு, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இன்றும் இருக்கிறது. ஆகஸ்ட் 10ஆம் தேதியை வெற்றி நாளாகக் கொண்டாடுகிறோம்; குளச்சலில் நினைவுத்தூண் நிற்கிறது.

மேசையை நான் மனசாரச் செய்தேன். ஆறடிக்கு நாலடிப் பலகை. அதில் மூன்றில் ஒரு பங்கு கடல். கரை மணலுக்கு மணவாளக்குறிச்சிக் கருமணலையே சலித்து, ஃபெவிக்காலில் ஒட்டினேன். அரணின் வேலிக்கு ஈர்க்கில் துண்டுகள். தென்னந்தோப்பின் அடிநிலத்துக்குத் தேங்காய்க் கதம்பையை உதிர்த்துத் தூவினேன். டச்சுச் சிப்பாய்களுக்கு வெளியூரிலிருந்து வரவழைத்த பிளாஸ்டிக் பொம்மைகள். மன்னரின் நாயர் படைக்கு அந்தப் பொம்மைகளின் தொப்பியைச் சீவி எறிந்து, எம்-சீலில் குடுமியும் முண்டும் பிடித்து வைத்தேன். ஒரு பொம்மை இருபது ஆள். ஓர் அங்குலம் பத்து மீட்டர். அந்தக் காலத்துத் துப்பாக்கி நூறு மீட்டருக்கு அப்பால் குறி வைத்துச் சுட உதவாது. ஆகவே சுடும் தூரம் பத்து அங்குலம். ஒருமுறை சுட்டால் மருந்து கெட்டிக்க ஒரு நகர்வு விட வேண்டும். இதெல்லாம் சரியாகவே வந்தது.

சரியாக வராதது இரண்டு. முதலாவது நேரம். நான் மாதிரியாக வைத்துக்கொண்ட பசிபிக் விதி சில மணி நேரத்துச் சண்டைக்கானது. குளச்சல் மாதக் கணக்கில் இழுத்த விவகாரம். கப்பலிலிருந்து இறங்குவதுதான் போர் என்று நான் அந்தப் புத்தகத்தின் கண்ணாலேயே பார்த்தேன். உண்மையில் இங்கே இறங்குவது சுலபமாக முடிந்துவிட்டது. இறங்கியவன் மாட்டிக்கொண்டதுதான் கதை. முன்னால் மன்னர் படை, பின்னால் ஆடி மாதக் கடல். டச்சு அரண் நின்ற அந்தத் துண்டு மணல்தான் இந்தப் போரின் தீவு. அதை நான் காணவில்லை. கண்டிருந்தால் அரிசி மூட்டைகளுக்குப் பொம்மை செய்திருப்பேன். கப்பல் பீரங்கிகளுக்கு அத்தனை பக்கம் விதி எழுதியிருக்க மாட்டேன்.

இரண்டாவது, கடற்கரை மக்கள். இங்கேதான் நான் வெட்கப்பட வேண்டியிருக்கிறது.

மன்னர் மீனவர்களைத் துடுப்போடு கரையில் நிறுத்தி வைத்தார், தூரத்திலிருந்து பார்த்த டச்சுக்காரர்களுக்குத் துப்பாக்கி ஏந்திய பெரும் படைபோல் தெரிந்தது என்று நம் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். இந்தக் கதையை வைத்து ஒரு சீட்டு செய்தேன். பெயர் ‘துடுப்புச் சீட்டு’. திருவிதாங்கூர் பக்கம் ஆடுகிறவர் ஆட்டத்தில் ஒருமுறை அதைப் போடலாம்; போட்டால் டச்சுக் கப்பல் ஒரு நகர்வு நகராமல் நிற்கும். மீனவர்களுக்கு என் விதிப்புத்தகத்தில் இருந்தது அவ்வளவே. நாயர் படைக்குப் பொம்மை, குதிரைக்குப் பொம்மை, பீரங்கி இழுக்கும் மாட்டுக்குக்கூடப் பொம்மை. குளச்சலில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து, அந்தக் கடலை அறிந்து, போர் நடந்தபோது வீட்டையும் வலையையும் அங்கேயே வைத்திருந்த மக்களுக்கு ஓர் அட்டைத்துண்டு.

1739இல் இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹாஃப் மிரட்டியபோது, என் மீனவர்களோடு வள்ளத்தில் ஏறி உங்கள் ஐரோப்பாவுக்கே வருவேன் என்று மார்த்தாண்ட வர்மா பதில் சொன்னதாகவும் ஒரு கதை வழங்குகிறது. நடந்ததோ இல்லையோ, அந்தக் கதையில் வரும் மன்னர்கூட தன் பலத்தைச் சொல்லும்போது மீனவர்களைத்தான் முதலில் எண்ணினார். நான் எண்ணவில்லை.

விதிப்புத்தகம் முடிந்ததும் எங்கள் பகுதி நூலகம் ஒன்றில், விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்கு ஆட்டத்தைக் கற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்தேன். குளச்சலை அடுத்த கடற்கரை ஊரிலிருந்து ஒரு பையன் வந்தான். மேசையைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான். கருமணலைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கேட்டான்:

“சார், எங்க ஆளுவ எங்க நிக்காவ?”

நான் சீட்டை எடுத்துக் காட்டினேன். “இதுதான் மக்களே.”

அதை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினான். “ஒரு தடவதான் போடணுமா?”

“ஆமா.”

“போட்ட பெறகு?”

“பெட்டியில வச்சிரணும்.”

அவன் சீட்டைத் திருப்பித் தந்துவிட்டு, “அப்பம் நான் டச்சுக்காரன ஆடுதேன்” என்றான். அந்தச் சொல்லில் இருந்த கோபம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. பையன் துடுக்காகப் பேசுகிறான் என்றுதான் பட்டது.

அவன் ஆடிய ஆட்டம் மற்ற பிள்ளைகள் ஆடியதுபோல் இல்லை. கல்குளத்தை நோக்கிப் படையை அனுப்பவே இல்லை. இறங்கிய உடனே அரணைக் கட்டினான். கரையையும் கப்பலையும் இணைக்கும் வழியைத் திறந்தே வைத்திருந்தான். படகு வந்து போகும் இடத்தில் காவல் போட்டான். எதிரே ஆடிய பையன் துடுப்புச் சீட்டைப் போட்டபோது ஒரு நகர்வு பொறுத்திருந்துவிட்டு, மறுபடி படகை இறக்கினான். கடலை ஒட்டிப் பிறந்தவன் என்பதால் கடலைத்தான் முதலில் பார்த்தான். பன்னிரண்டு நகர்வு தாக்குப்பிடித்தால் டச்சு ஜெயித்ததாகக் கணக்கு. பத்தாவது நகர்வு முடிந்தபோது அரண் அசையாமல் நின்றது.

வெடிமருந்துப் பீப்பாய்க்கு விதி இருந்தது. எட்டாவது நகர்விலிருந்து, ஒவ்வொரு நகர்விலும் திருவிதாங்கூர் தரப்பு இரண்டு பகடை போடலாம். பன்னிரண்டு விழுந்தால் பீப்பாய் வெடிக்கும். முப்பத்தாறில் ஒரு வாய்ப்பு. வரலாற்றில் அது அபூர்வமாக நடந்த தற்செயல் என்பதால் அப்படி எழுதியிருந்தேன். பதினோராவது நகர்வில், பகடையை எடுக்குமுன், “இனி ஒன்பதுக்கு மேல விழுந்தாலே வெடிக்கும். ஒன்பதும் சேத்தி” என்றேன். முப்பத்தாறில் பத்து வாய்ப்பு. பகடை உருண்டது. ஐந்தும் நாலும்.

“இந்த விதி தாள்ல இல்லியே சார்.”

“அச்சில விட்டுப்போச்சு மக்களே. மொதல்லேருந்தே உள்ளதுதான்.”

அவன் தாளை இன்னொருமுறை புரட்டவில்லை. “செரி சார்” என்று சொல்லி, தன் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்கினான். எதிரே ஆடிய பையன் கை தட்டினான். நானும் தட்டினேன்.

ஏன் செய்தேன்? இதற்குப் பதில் தேடியபோது எனக்கு நானே முதலில் சொல்லிக்கொண்டது, வரலாறு மாறிப்போகக் கூடாது என்ற அக்கறை என்பது. பிள்ளைகள் மனதில் தவறான முடிவு பதியக் கூடாதே என்ற கவலை என்பது. இரண்டும் பொய். முடிந்த முடிவே திரும்பத் திரும்ப வர வேண்டுமென்றால் ஆட்டம் எதற்கு? பாடப்புத்தகத்தை வாசித்துவிட்டுப் போகலாம். உண்மைக் காரணம் இரண்டு. நம் ஊர் தோற்பதை, அதுவும் மேசைமேல்கூட, என்னால் பார்க்க முடியவில்லை. அதோடு, என் ஆட்டத்தின் ஓட்டையைக் கண்டுபிடித்தவன் ஒரு கடற்கரைப் பையன் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

கடைசியாகச் சொன்னது எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அதை விட்டுவிட்டால் இந்த வாக்குமூலம் வெறும் விளையாட்டுக் கணக்காகிவிடும். நம் மாவட்டத்தில் கடற்கரைக்கும் உள்பக்கத்து ஊர்களுக்கும் நடுவே சாலை ஒன்றுதான் தூரம். ஆனாலும் பாதை அடைபட்டே கிடக்கிறது. 1982இல் மண்டைக்காட்டில் நடந்த கலவரமும் துப்பாக்கிச்சூடும் அந்த விலகலை இன்னும் ஆழமாக்கின. என்னைப்போன்ற வயல்காட்டு வீட்டுப் பிள்ளைகள் கடற்கரை ஊர்களுக்குள் போகாமலே வளர்ந்தோம். மீன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. கொண்டுவந்த பெண்ணை நடைக்கு வெளியிலேயே நிறுத்தி விலை பேசினோம். அவர்களைப் பற்றி நான் யாரிடமும் கெட்ட வார்த்தை பேசியதில்லை. பேசத் தேவையே இருக்கவில்லை. கணக்கிலேயே எடுக்காமல் இருந்தேன். வரைபடம் வரைகிறவனுக்கு இதைவிடப் பெரிய குற்றம் இல்லை. கடலை நீல நிறத்தில் பூசிவிட்டு, அங்கே எழுத ஒன்றும் இல்லை என்று விட்டுவிடுகிறவன் நான். அதே கைதான் அந்தச் சீட்டையும் வெட்டியது.

நடுவர் விதியை மாற்றியதற்குப் போர் விளையாட்டு வரலாற்றிலேயே பெயர்பெற்ற ஒரு சம்பவம் உண்டு. அதுவும் ஒரு தீவுச் சண்டை சம்பந்தப்பட்டதுதான். 1942 மே மாதம், மிட்வே தீவைத் தாக்குமுன் ஜப்பானியக் கடற்படை ‘யமாட்டோ’ கப்பலில் ஒத்திகை ஆட்டம் ஆடியது. பகடை விழுந்ததில், எதிரி விமானங்களின் குண்டு ஒன்பது பட்டு, அகாகி, காகா என்ற இரு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கியதாகக் கணக்கு வந்தது. ஆட்டத்தை நடத்திய தளபதி உகாகி ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். அகாகிக்கு லேசான சேதம்தான் என்று ஆனது. மூழ்கிய காகாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் மறுபடி மிதந்தது. ஜூன் மாதம் மிட்வேயில் இரண்டும் நிஜமாகவே போயின. கூடவே சோர்யுவும் ஹிர்யுவும். ஒத்திகையில் பகடை சொன்ன எச்சரிக்கையைக் கேட்டிருந்தால் போர் வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒன்று தெரியும். தனக்குப் பிடிக்காத விடையை அழிக்கிற நடுவர், தன் பக்கத்துக்குத்தான் கண்ணைக் கட்டுகிறார். பையன் என் ஆட்டத்தில் காட்டியதும் எச்சரிக்கையே: உன் விதியில் கடல் இல்லை, அதனால்தான் நான் ஜெயிக்கிறேன் என்று. நான் கடலைச் சேர்க்காமல் பகடையைத் திருத்தினேன்.

இன்னொன்றும் புரிந்தது. பீப்பாய் அடிக்கடி வெடிக்கும்படி விதியை மாற்றியதால் நான் மார்த்தாண்ட வர்மாவையும் சிறுமைப்படுத்தினேன். தோற்றிருக்கக்கூடிய ஒரு போரில் பொறுத்திருந்து ஜெயித்ததால்தான் அது வெற்றி. தோற்கவே முடியாதபடி அமைத்த மேசையில் யார் ஜெயித்தாலும் அதில் பெருமை இல்லை.

பிறகு நான் கடற்கரைக்குப் போனேன். ஒரு முதிய மீனவரிடம் மேசையின் படத்தைக் காட்டினேன். நான் தண்ணீர் ஓரத்தில் வரிசையாக வைத்திருந்த வள்ளங்களைப் பார்த்ததும், “ஆடியில வள்ளத்த இப்பிடி விட்டா கடலு அடிச்சி ஒடச்சிரும்லா. மேல ஏத்திப் போட்டிருப்பாவ” என்றார். அடுத்து அவர் கேட்டதுதான் என் புத்தகத்தையே கலைத்துப் போட்டது. “அந்த டச்சுக்காரனுக்கு அரிசிச் சாக்க கப்பல்லேருந்து கரைக்கு ஏத்துனது ஆரு?” கப்பலின் சொந்தப் படகு அலையைத் தாண்டிக் கரை சேர, நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது, அலை எப்போது அடங்கும் என்று தெரிந்த ஆள் வேண்டும் என்றார். பாறைகள் ஓரளவு மறைத்தாலும் குளச்சலுக்கும் இது பொருந்தும் என்றார். சென்னைக் கடற்கரையின் வரலாறும் இதையே சொல்கிறது. துறைமுகம் கட்டுமுன், கம்பெனியின் எந்தப் பெரிய மனிதரும் அங்கே தன் கப்பல் படகில் கரை சேரத் துணியவில்லை. ஆணி அடிக்காமல் பலகையைக் கயிற்றால் தைத்த மசூலா படகும், அதை ஓட்டிய உள்ளூர் ஆட்களும்தான் அவர்களைக் கரை சேர்த்தார்கள்.

அதன்பிறகு விதியைப் புதிதாக எழுதினேன். இப்போது மேசையில் மூன்று பேர் ஆடுகிறார்கள். மூன்றாமவர் கடற்கரை மக்கள். அவர்களிடம் வள்ளம், கட்டுமரம், வலை, வீடு எல்லாம் பொம்மைகளாக இருக்கின்றன. ஒவ்வொரு நகர்விலும் முதலில் கடலுக்குப் பகடை. கடல் அடிக்கிறபோது கப்பலின் படகு கரைக்கு வந்தால் ஒன்று, இரண்டு, மூன்று எது விழுந்தாலும் கவிழும். உள்ளூர் ஆள் ஓட்டினால் ஒன்று விழுந்தால் மட்டும். ஆக, கம்பெனிக்கு அரிசி வேண்டுமானால் மூன்றாமவரிடம் கேட்டாக வேண்டும். மன்னருக்கும் அதே நிலை. மூன்றாமவர் கூலிக்கு ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம், மீன்பிடிக்கப் போய்விடலாம், வள்ளத்தை மேலேற்றிவிட்டுக் குடும்பத்தோடு ஒதுங்கலாம். ஆட்டம் முடியும்போது எத்தனை வீடும் வள்ளமும் மிஞ்சின என்பதுதான் அவருடைய வெற்றிக் கணக்கு. இப்படி ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வெற்றி என்பது நமக்குப் புதிதல்ல. மூன்று புலியும் பதினைந்து ஆடும் ஆடுகிற ஆடு புலி ஆட்டத்தில், வெட்டுவது ஒரு பக்கத்தின் வெற்றி, அடைப்பது இன்னொரு பக்கத்தின் வெற்றி. வெளிநாட்டு விதிப்புத்தகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால், சின்ன வயதில் கோவில் திண்ணையில் கோடு கிழித்து ஆடிய ஆட்டம் நினைவுக்கு வரவில்லை.

கூடவே கன்னியாகுமரிக்கென்று இன்னொரு ஆட்டமும் சேர்த்திருக்கிறேன். 1544இல் வடக்கேயிருந்து வந்த வடுகர் படை கரையோர ஊர்களைச் சூறையாடியபோது, மக்கள் தப்பி ஓடி குமரிமுனைக் கடலில் உள்ள பாறைகளில் ஏறிக்கொண்டார்கள். அங்கே பசியாலும் தாகத்தாலும் மடிந்துகொண்டிருந்தவர்களுக்கு உதவ, கிறிஸ்தவப் பாதிரியார் பிரான்சிஸ் சேவியர் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு புறப்பட்டார். எதிர்க்காற்றில் தோணிகள் முனையை எட்ட முடியவில்லை. இதை அவரே அந்த ஆண்டு ஜூன் மாதக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். நம் மாவட்டத்தின் தீவுச் சண்டை என்றால் இதுதான். இதில் எவரும் எவரையும் சுடுவதில்லை. ஒரு பக்கம் பாறையில் மக்கள், மறுபக்கம் தண்ணீர்க் குடம் ஏற்றிய தோணிகள், நடுவில் காற்று. எத்தனை பேருக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது என்பதே கணக்கு. போர் விளையாட்டு என்ற பெயரில் இத்தனை காலம் நான் பார்க்காமல் விட்டது எது என்பதை இந்த ஆட்டத்தை எழுதியபோது கண்டுகொண்டேன்.

புதிய விதியில் ஆடும்போது டச்சு சில தடவை ஜெயிக்கிறது. கடற்கரை மக்கள் ஒதுங்கிக்கொண்டால் மன்னர், கம்பெனி இருவருமே தவிக்கிறார்கள். அந்த முடிவுகள் எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் குறித்து வைக்கிறேன்.

விதியைத் திருத்திய பிறகும் மிச்சமிருந்தது பையனிடம் சொல்வது. அதைத் தள்ளிப்போட்டேன். விதி சரியாகிவிட்டதே, இனி எதற்கு என்று மனம் சாக்குச் சொன்னது. கடைசியில் அதே நூலகத்தில், அன்று ஆடிய பிள்ளைகள் இருக்கும்போதே சொன்னேன். ஒன்பது என்ற விதி அன்றைக்கு இல்லை, நீ ஜெயிக்கிறதைப் பொறுக்காமல் நான் அந்த இடத்தில் உண்டாக்கினேன், உன் ஆட்களை மேசையில் வைக்காதது மறதியால் அல்ல, அவர்களை எண்ணிப் பார்க்காததால் என்று.

“அப்பமே தெரியும் சார்” என்றான்.

அவன் தெரிந்துகொண்டே “செரி” என்று சொன்னதை நான் பணிவு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் முகத்துக்கு நேரே பொய் சொல்லும்போது, அதை எதிர்த்துப் பேசினால் தன்னைத்தான் துடுக்கு என்பார்கள் என்று ஒரு பையனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பாடத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். புதிய ஆட்டத்துக்கு அவனை அழைத்தேன். பார்க்கலாம் என்றான். இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்று கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

ஆட்ட விதி எழுதுகிறவன் ஒவ்வொரு வரியிலும் ஒரு சாட்சி சொல்கிறான்: இவர்கள் இருந்தார்கள், இவர்களால் இவ்வளவு முடிந்தது, இது இத்தனை அரிதாக நடந்தது என்று. படிக்கிறவர் அதை எண்ணாகத்தான் பார்ப்பார், நம்பிவிடுவார். கட்டுரையில் பொய் சொன்னால் மறுக்க ஆள் வரும். பகடைக் கணக்கில் சொன்ன பொய்யைக் கேட்க அநேகமாக யாரும் வருவதில்லை. அதனால்தான் இதை எழுதி அச்சுக்குக் கொடுக்கிறேன்.

பழைய விதிப்புத்தகத்தின் படிகள் சில பள்ளிகளுக்கும் நண்பர்களுக்கும் போயிருக்கின்றன. உங்களிடம் ஒன்று இருந்தால், வெடிமருந்து விதியில் ஒன்பது என்று இருப்பதை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதுங்கள். துடுப்புச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன், கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் யாரையாவது அழைத்து, மூன்றாவது பக்கத்தில் யார் நிற்க வேண்டும், என்ன செய்ய முடியும் என்று அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதியது தவறென்று அவர்கள் சொன்னால், அவர்கள் சொன்னதையே வைத்து ஆடுங்கள்.